பஸ் கதவு வைத்த பாத்ரூம்

எங்கள் வீட்டு பாத்ரூமில் சோப்பு கை நழுவிக் கீழே விழுந்தால் அங்கேயே குனிந்து எடுக்க முடியாது. கதவைத் திறந்து வெளியே வந்து, திரும்பி நின்று, அப்புறம்தான் குனிய வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கேபிள் காசு வாங்குகிறவர் வாசலில் வந்து நிற்பார். ஈரத் துண்டும் சோப்பு நுரையுமாக நான் அவருக்குக் காட்டிய காட்சிகளுக்கு அவர்தான் எனக்குக் காசு தந்திருக்க வேண்டும்.

நான் விழுப்புரம்–திண்டிவனம் ரூட்டில் அரசு பஸ் கண்டக்டர். முகூர்த்த நாளில் மூச்சு விட இடமில்லாத வண்டியில் இன்னும் ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றி, "உள்ள போ, உள்ள போ, நடுவுல மைதானமா கெடக்குது" என்று கத்தியே அடைத்தவன். இல்லாத இடத்தில் இடம் கண்டுபிடிப்பது என் தொழில். அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

ஒரே மகளைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்த அன்றே என் மனைவி பழைய வெள்ளை வேட்டிகளையெல்லாம் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அதில் நான் இன்னும் கட்டிக்கொண்டிருந்த வேட்டி ஒன்றும் போயிற்று. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டு மகளை அழைத்து வந்து, தலைப்பிரசவத்தை நம் வீட்டில் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் முறை. என் மனைவிக்கு அது முறை மட்டும் இல்லை. அவளுக்குத் தலைப்பிரசவம் வந்தபோது, போய் இருக்கத் தாய்வீட்டில் தாய் இல்லை. என் அக்காமார்களின் அதட்டலுக்கு நடுவேதான் மகளைப் பெற்றாள். "எம் பொண்ணுக்கு அந்த மாரி ஆவக் கூடாது" என்று ஒருமுறைதான் சொன்னாள். எனக்கு ஒருமுறை போதும்.

ஏழாம் மாதம் மகளைப் பார்க்கத் திண்டிவனம் போனோம். சம்பந்தி வீட்டு பாத்ரூம் வெள்ளை வெளேரென்று இருக்கும். உள்ளே நடக்கலாம். நிஜமாகவே ரெண்டு எட்டு வைத்து நடக்கலாம். வெஸ்டர்ன் கிளாசெட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டு நான் வெளியே வர மனசில்லாமல் வந்தபோது, கூடத்தில் என்னவோ அமைதியாக இருந்தது.

மகள் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியலம்மா. முட்டி புடிச்சிக்குது. வழுக்கி கிழுக்கி வுழுந்துடாதன்னு டாக்டர் வேற சொல்லிட்டாங்க. நம்ம வீட்ல இன்னாம்மா பண்றது?"

சம்பந்தியம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். "அண்ணா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வளைகாப்ப நல்லா செய்வோம். அப்புறம் பொண்ணு இங்கயே இருக்கட்டுமே. இங்க வெஸ்டர்ன் இருக்குது. அண்ணி வேணும்னா இங்க வந்து கூட இருக்கட்டும்."

என் மனைவி முறுக்கைப் பாதி கடித்தபடி அப்படியே வைத்திருந்தாள். அந்த முறுக்கு உடையும் சத்தம் கேட்கவே இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இன்னா சம்பந்தி இது! உங்க வீட்டவிட சூப்பரா நானே கட்டிடுவேன். வளைகாப்பு அன்னிக்கி வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே ரெண்டு நாள் தங்கிட்டுப் போவீங்க!"

மேசைக்கு அடியில் என் மனைவி காலை மிதித்தாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வண்டியில் கூட்டேரிப்பட்டு வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள். "வாயால அளந்தீங்களே, அந்த ரூம என்னிக்காவது அளந்து பாத்தீங்களா?"

"பாத்துக்கலாம் வுடு."

"பாத்துக்கங்க. ஆனா ஒண்ணு. மாசமா இருக்கற பொண்ணு இருக்கற வீட்ல இடிக்கறது, ஆணி அடிக்கறது, தொள போடறது எதுவும் ஆவாது. அவ அங்க இருக்கற வரைக்கும் இங்க இன்னா வேணா பண்ணுங்க. எம் பொண்ணு நம்ம வாசப்படிய மிதிச்சிட்டா, அப்புறம் ஒரு ஆணி சத்தம் கேக்கக் கூடாது."

ஆக, கெடு வைத்தாயிற்று. பயப்படவேண்டிய நான், உண்மையில் குஷியாகிவிட்டேன். டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி கேட்டவருக்கு ஒருநாள் வெஸ்டர்ன் என்று சொல்லிச் சில்லறை கொடுத்தேன்.

கண்டமங்கலத்திலிருந்து ஒரு கொத்தனார் கிடைத்தார். வாரமெல்லாம் புதுச்சேரியில் பெரிய பெரிய வீடுகளுக்கு வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்கு வந்தார். பிளம்பிங்கும் தெரியும், கரண்டும் தெரியும் என்றார். அவருக்குத் தெரியாது என்று ஒன்றும் கிடையாது. அது அவரே சொன்னது. முதல்நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கண்டக்டர் சார், பாத்ரூம காட்டுங்கன்னா பீரோவ காட்றீங்க?"

"இதான் பாத்ரூம்."

"இதுல வெஸ்டர்னா?" என்று தலையைச் சொறிந்தார். பிறகு என் முகத்தில் என்ன கண்டாரோ, "வுடுங்க சார், ஒக்கார வச்சிடலாம்" என்றார்.

கையிருப்பு குறைவு என்பதால் நான் சிக்கன நிபுணனாக மாறினேன். சுவரை உடைத்து பைப்பைப் புதைப்பது பணக்கார வேலை, பைப் வெளியிலேயே போகட்டும் என்று முடிவு. டைல்ஸ் நெஞ்சு உயரம் வரை போதும், அதற்கு மேல் பெயின்ட். பெயின்ட் நானே அடித்தேன். சுவருக்கும் கொஞ்சம் பட்டது. தரைக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல், வழுக்காத சொரசொரப்பு டைல்ஸைப் புதுசாகவே வாங்கினேன். சுவருக்கு, டைல்ஸ் கடையின் பின்னால் மீந்துபோன சரக்கு அடுக்கியிருந்த இடத்தில் தேடினேன். ஒரே மாதிரி பத்து கிடைக்கவில்லை. நாலு தினுசு எடுத்தேன். அதில் ஒரு தினுசு சமையலறைக்கானது. அன்னாசிப் பழம், பக்கத்தில் ஆவி பறக்கும் காபி கோப்பை.

"கக்கூஸ்ல ஒக்காந்துக்கினு காபி குடிக்கறதா?" என்றாள் மனைவி.

"பாதி வெலைக்குக் குடுத்தான்."

"முழு வெலைக்குக் குடுத்தாகூட எவன் வாங்குவான்?"

மகள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்று தோன்றியது. கடையில் பளபளவென்று ஒன்று காட்டினார்கள். விலையும் பளபளவென்று இருந்தது. காயலான் கடைக்குப் போனேன். உடைத்துப் போட்ட ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய கைப்பிடிக் கம்பி ஒன்று கிடந்தது. எத்தனையோ பேர் பிடித்துத் தொங்கி வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. வாங்கி வந்து தேய்த்துக் கழுவினேன். கொத்தனார் சுவரில் முறுக்கினார். நான் அதில் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். சுவர் தாங்கியது. கொத்தனார்தான் தாங்கவில்லை. "சார், சிமென்ட் காயட்டும் சார்!" என்று கத்தினார்.

கிளாசெட் திண்டிவனத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மூலையில் தூசியோடு உட்கார்ந்திருந்தது. யாரோ வாங்கி, வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்ததாம். ஏன் பொருந்தவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. பஞ்சுமிட்டாய் ரோஸ் கலர். கடைக்காரர் கேட்காமலேயே விலையைக் குறைத்தார். நான் பேசாமல் நின்றேன், இன்னும் குறைத்தார்.

வேன் வாடகை மிச்சம் பிடிக்க என் வண்டியிலேயே ஏற்றினேன். எனக்கு நானே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டேன். கடைசி சீட்டு ஓரத்தில், சாக்கு சுற்றிய அந்த ரோஸ் ராணி கம்பீரமாக உட்கார்ந்து வந்தது. பாதி வழியில் சாக்கு நழுவிவிட்டது.

"யோவ் கண்டக்டரு, நிக்கறவங்களுக்குன்னு புது சீட்டு போட்டுட்டியா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார்.

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு நின்றிருந்த ஓர் அம்மா, "நான் ஒக்காரட்டுமா? டிக்கெட்டு அதேதானா, எச்சா?" என்றார்.

"அது ரிசர்வேஷன் சீட்டும்மா" என்றேன். "எம் பொண்ணுக்கு. மாசமா இருக்குது."

அதோடு கிண்டல் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஆனால் வேறு மாதிரி ஆயிற்று. எந்த மாசம், எந்த ஆஸ்பத்திரி, வயிறு கூம்பியிருக்கிறதா உருண்டையா என்று வண்டியே விசாரித்தது. விழுப்புரத்தில் இறங்கும்போது ரெண்டு பேர் கைகொடுத்து இறக்கினார்கள். மல்லாட்டை அம்மா ஒரு கை மல்லாட்டையை கிளாசெட்டுக்குள் போட்டுவிட்டு, "பொண்ணுக்கு வறுத்துக் குடு" என்று போனார். அதை வறுத்து நான்தான் தின்றேன்.

கதவு குறுக்கே நின்றதால் அதைக் கழற்றி வெளிச்சுவரில் சாய்த்துவிட்டுத்தான் கிளாசெட்டை உள்ளே கொண்டுபோக முடிந்தது. வேலை நடந்த நாளெல்லாம் கதவு வெளியில்தான் நின்றது. மனைவி பக்கத்து வீட்டுக்கு வாளியோடு போனாள், நான் டெப்போவுக்குப் போனேன். வளைகாப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கொத்தனார் புதுச்சேரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து தண்ணீரை இழுத்துக் காட்டினார். ஊற்று மாதிரி வந்தது! நான் கைதட்டினேன். கால்சட்டையோடு கிளாசெட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து காட்டினேன். மனைவிகூட அன்னாசிப் பழத்தை மறந்து சிரித்தாள். பார்வையாளர்களைத் திறந்த வாசலில் நிற்க வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறவனுக்குக் கதவு ஞாபகம் எங்கே வரும்?

கொத்தனார் கதவைத் தூக்கி மாட்டினார். உள்பக்கம் தள்ளினார். கதவு ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்து, ணங் என்று கிளாசெட்டின் மூக்கில் இடித்து நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பழைய இந்தியன் டாய்லெட் பேசின் தரையோடு தரையாகக் கிடந்தது. கதவு இத்தனை வருஷமும் அதன் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தது. வெஸ்டர்ன் எழுந்து நிற்கும் என்பது எனக்கும் தோன்றவில்லை, எல்லாம் தெரிந்த கொத்தனாருக்கும் தோன்றவில்லை.

"வெளிய பாத்து தொறக்கற மாரி மாட்டிடலாம் சார்."

"வெளிய சாமி மாடம் இருக்குது" என்றாள் மனைவி. குரல் தாழ்ந்திருந்தது. "கக்கூஸ் கதவு தெனமும் சாமி மூஞ்சில போய் அடிக்கணுமா?"

"அப்ப சலூன் கட மாரி பாதிக் கதவு வச்சிடலாம். கீழ கால் தெரியும், மேல தல தெரியும், நடுவுல மறைஞ்சிடும்."

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. கிளாசெட்டின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பொடவைய கட்டித் தொங்கவுட்டு அதுக்குள்ள போய்ட்டு வான்னு மாசமா இருக்கறவள சொல்ல முடியுமா?" என்றாள். "அவங்க பெரிய வீட்ல இருந்துட்டு வர்றவ. அங்கயே இருக்கட்டும். நான் வேணா போய் பாத்துட்டு பாத்துட்டு வர்றேன்."

துவைத்து மடித்து வைத்த வேட்டித் துணிகள் அவள் பக்கத்தில் ஒரு பையில் இருந்தன. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை டியூட்டி. எங்களுக்குப் புதுசாகக் கொடுத்திருந்த வண்டி, டிரைவர் பொத்தானை அழுத்தினால் தானாக மூடும் கதவு வைத்தது. விக்கிரவாண்டியில் கடைசியாக ஏறிய ஒரு பெரிய மனிதரின் வயிறு படியிலேயே நின்றுவிட்டது. "உள்ள போங்க, நடுவுல மைதானமா கெடக்குது" என்று நான் பழக்கத்தில் கத்தினேன். அவர் வயிறு ஒரு இன்ச்சும் நகரவில்லை. ஆனால் கதவு மூடியது. எப்படி மூடியது? அது வீட்டுக் கதவு மாதிரி அகலமாகச் சுழன்று வரவில்லை. நடுவில் மடங்கி, அவர் வயிற்றை உரசியபடி, விரிந்து மூடியது.

"மடங்குதுய்யா!" என்று கத்தினேன்.

டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டார். "இன்னாய்யா ஆச்சு? யாரு மடங்கனது?"

"கதவு! கதவு மடங்குது!"

"அது வண்டி வந்த நாள்லேர்ந்து மடங்குது. வெயில்ல உனுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சி" என்றார் டிரைவர்.

திண்டிவனத்தில் வண்டி நிற்கும் இடைவெளியில் கிளாசெட் வாங்கிய கடைக்கு ஓடினேன். பிளாஸ்டிக் பட்டைகளைக் கோத்து, திரைச்சீலை மாதிரி ஒருபக்கமாக மடங்கி ஒதுங்கும் கதவு கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! அன்றைக்குக் கிளாசெட் வாங்க வந்தபோது அதை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறேன். அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து, ராத்திரி மனைவி முன்னால் மடக்கி விரித்துக் காட்டினேன்.

மறுநாள் ஞாயிறு, திண்டிவனத்தில் வளைகாப்பு. கொத்தனார் காலையிலேயே வந்து மாட்டிவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணினார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனோம். வளையல் சத்தமும் சந்தன வாசனையும் கலவை சாதமுமாக நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டு கொத்தனாருக்கு போன் போட்டால், "ஊர்ல ஒரு கறி விருந்து சார், கை கழுவிக்கினு இருக்கேன், இதோ கெளம்பிட்டேன்" என்கிறார். நல்ல நேரம் பார்த்து மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மகள் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். கொண்டுவந்து விட சம்பந்தியம்மாவும் கூட வந்தார்.

வாழ்க்கை முழுவதும் "சீக்கிரம் ஏறு, ஜல்தி எறங்கு" என்று ஊரை விரட்டியவன், அன்றைக்கு வேனை நிறுத்தக் காரணம் தேடினேன். விக்கிரவாண்டியில், "டீ குடிக்கலாமா?" என்றேன்.

"டீயெல்லாம் வேணாம்பா" என்றாள் மகள். "ஜல்தியா போவச் சொல்லு. எனக்கு அவசரம்."

"இங்க ஓட்டல்ல போய்ட்டு வாயேன்மா."

"எனக்கு நம்ம வீட்டுக்குத்தான் போவணும்."

அந்த வார்த்தைக்கு இன்னொரு சமயமாக இருந்தால் நான் கண் கலங்கியிருப்பேன். அப்போது வியர்த்துத்தான் கொட்டியது.

வேன் எங்கள் சந்தில் நுழையும்போதே கேட்டது. கிர்ர்ர்ர்.

"இன்னா சத்தம்ணா அது?" என்றார் சம்பந்தியம்மா.

"பக்கத்து வீட்ல மிக்சிங்க. ஞாயித்துக்கெழம இல்ல, மசாலா அரைக்கறாங்க."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என்னோடு இருப்பவளுக்கு மிக்சிக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் வித்தியாசம் தெரியாதா? வேன் நிற்பதற்கு முன்பே குதித்து உள்ளே ஓடினாள். வாசலில் கேட்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

"நிறுத்துப்பா!"

"ஒரே ஒரு ஸ்க்ரூதாம்மா!"

"அரை ஸ்க்ரூகூட வேணாம். நிறுத்து! எம் பொண்ணு வாசல்ல நிக்கறா!"

கிர்ர்ர் நின்றது. அடுத்த நொடி ஆரத்தித் தட்டோடு மனைவி வெளியே வந்தாள். மகளுக்கு நிற்க முடியவில்லை. "அம்மா, சுத்தனது போதும்மா!" என்று கெஞ்சி, வலது காலை எடுத்து வைத்து, வளையல்கள் எல்லாம் குலுங்க, எங்கள் எல்லோரையும் தாண்டி உள்ளே போனாள். கையில் ஸ்க்ரூவோடு ஓரமாக நின்ற கொத்தனார், கல்யாணத்துக்கு வந்தவரைப் போல அவளுக்குக் கும்பிடு போட்டு வழிவிட்டார். சரசரவென்று கதவு மடங்கியது. சரசரவென்று விரிந்து மூடியது. கிளாசெட்டில் இடிக்கவில்லை. சாமி மூஞ்சியிலும் அடிக்கவில்லை.

நாங்கள் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெண் பாத்ரூமுக்குள் போனதற்கு இத்தனை பேர் இப்படி நின்றதில்லை.

உள்ளேயிருந்து முதலில் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு.

"அப்பா! யாருப்பா கக்கூஸ்ல அன்னாசிப் பழம் ஒட்டனது?"

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதவை மடக்கிக்கொண்டு மகள் வெளியே வந்து, நேராகத் தன் அம்மாவிடம் போனாள். "கம்பிய புடிச்சிக்கினு நானே எழுந்துட்டேம்மா" என்றாள். "அங்ககூட அவர கூப்புடுவேன். இங்க நானே எழுந்துட்டேன்."

என் மனைவி உள்ளே போனாள். போய், அந்த வேட்டித் துணிப் பையை எடுத்து வந்து, மகள் படுக்கப்போகும் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

மிச்சமிருந்த அந்த ஒரு ஸ்க்ரூவைச் சாமி மாடத்தில் வைத்தோம். பிரசவம் முடிகிற வரை துளை போடக் கூடாதே. அதனால் கதவின் மேல் மூலை மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போகும்போதெல்லாம் யாராவது வெளியிலிருந்து அந்த மூலையைப் பிடித்துக்கொள்வோம்.

இப்போது பேத்தி பிறந்து மூன்றாம் மாதம். இனி துளை போடலாம், தடையில்லை. கொத்தனார் ஞாயிறு வருகிறேன் என்கிறார். எந்த ஞாயிறு என்று சொல்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. காரணம், குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம்.

மனைவி ரோஸ் கிளாசெட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பேத்தியைக் காலில் போட்டுக்கொள்கிறாள். அந்த ரூமில் நீட்டிய கால் முழுசாக அடங்காது. கதவைப் பாதி மடக்கிவிட்டு, பாதங்களை வெளியே நீட்டிக்கொள்கிறாள். காற்று அடித்தால் கதவு குழந்தைமேல் வந்து ஆடும். ஆகவே தினமும் காலையில், டியூட்டிக்குப் போகும் முன்னால், காக்கிச் சட்டையோடு நான் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நிற்க வேண்டும். பேத்தி தண்ணீர் பட்டதும் ஒரு சத்தம் போடுவாள் பாருங்கள், எந்த டிரைவரும் பிரேக் போடுவான்.

"தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பாள் மனைவி.

"படியில நின்னாத்தான் எறங்க வசதி" என்பேன் நான். படியில் நிற்காதே, உள்ளே போ என்று வாழ்நாள் முழுக்க ஊரைத் திட்டியவன்.